கதிர்காம யாத்திரையும் பிள்ளைகளின் கல்வியும்

சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் வன்னியிலே பல இல்லங்களில் ஒரு வினா எழுவதுண்டு. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்வதாக அம்மம்மா நேர்ந்திருக்கிறார்; பேரப்பிள்ளைகளும் உடன்வர வேண்டுமென்று விரும்புகிறார். பாடசாலையிலோ இரண்டாந் தவணை தொடங்கிவிட்டது. பெற்றோர் யாது செய்வது?

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து வேல் தாங்கிப் புறப்படும் அடியார் கூட்டம் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் வழியாகக் கதிர்காமத்தை அடைய ஒன்றரை மாதத்துக்கு மேற் செல்லும். வழியில் வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோயிலில் தங்கிச் செல்வது வழக்கம். 1983இல் மூண்ட போரினால் வடக்கிலிருந்து செல்லும் இந்நடைவழி நெடுங்காலம் தடைப்பட்டுக் கிடந்தது. 2009இல் போர் முடிந்தபின் மீண்டும் உயிர்பெற்றது. ஆகவே, முதியோர்க்கு இவ்யாத்திரை நேர்த்திக்கடன் மட்டுமன்று; இழந்த வழியொன்றை மீட்டுக்கொள்ளும் நிறைவுமாகும். அதனைப் பேரப்பிள்ளைகளோடு பகிர விரும்புவதில் வியப்பில்லை.

ஆயினும் கணக்கையும் பார்த்தல் வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் பாடசாலை எனின், முழு யாத்திரைக்கும் முப்பது நாட்பாடங்களேனும் போய்விடும். அது ஏறத்தாழ அரைத் தவணை. நாட்டின் சட்டமும் 2016 முதல் 5 வயதுக்கும் 16 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளின் கல்வியைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

வன்னி மக்களுக்கு இக்கணக்கை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2008இன் பிற்பகுதியிலே கிளிநொச்சியிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு கிழக்கே நடந்த நடை எவரும் விரும்பி மேற்கொண்டதன்று. அன்று புத்தகப் பையோடு நடந்த பிள்ளைகள் பலர் பின்னர் செட்டிகுளம் முகாமிலேதான் மீண்டும் எழுத்தைக் கண்டார்கள். அப்பிள்ளைகளே இன்று பெற்றோராயிருக்கின்றனர். ஒரு நாட்பாடத்தின் அருமையை அவர்களினும் அறிந்தவர் யார்? அம்மம்மாவின் வேண்டுகோளுக்கு அவர்கள் தயங்குவது பக்திக் குறைவினால் அன்று.

இரண்டையும் காக்க ஒரு வழியுண்டு. முழுத் தூரத்தையும் பெரியவர்கள் நடக்கட்டும். பிள்ளைகள் பஸ் வண்டியிலே திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், பாணமை வழியாக உகந்தைமலை முருகன் கோயிலுக்குச் சென்று, அங்கே அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். உகந்தையிலிருந்து கும்புக்கன் ஆற்றைக் கடந்து, நாவலடி, வியாழை, மாணிக்க கங்கை எனச் செல்லும் காட்டுவழி நான்கைந்து நாள் நடையாகும். போக வர ஆகும் நாட்களைச் சனி, ஞாயிறுகளில் அமைத்துக்கொண்டால் ஒரு வாரப் பாடசாலையே தவறும்.

திட்டமிடுவோர் முதலிலே திகதியை அறிதல் வேண்டும். கதிர்காமக் கொடியேற்றம் ஜூன் இறுதியிலோ ஜூலையிலோ வரும். காட்டுவழி திறக்கப்படும் நாட்களும் ஆண்டுதோறும் மாறும். அடுத்து, பிள்ளைகளின் வகுப்பை நோக்குக. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கோ, சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளுக்கோ ஆயத்தஞ் செய்பவர்கள் இவ்வாண்டு வீட்டிலிருப்பதே நன்று. சிறுபோக வயலையும் கறவைப் பசுவையும் பார்க்கும் ஒருவர் வீட்டிலே தங்க வேண்டுமன்றோ? பரீட்சைப் பிள்ளைக்கு அவர் துணையாவார். காட்டிலே யானைகள் உண்டு, குடிநீரும் அரிது. ஆதலின் கூட்டத்தை விட்டு எவரும் தனியே விலகலாகாது. நடக்கவியலாத குழந்தைகளை இவ்வழியிற் கொண்டுசெல்லாதிருத்தல் நலம்.

இன்னுமொன்று. பிள்ளை வராத காரணத்தைப் பின்னர் கூறுவதினும், வகுப்பாசிரியரை முன்னரே கண்டு, தவறவிருக்கும் பாடங்களைக் குறித்துக்கொள்வது சிறந்தது. ஆசிரியர் பணியிலிருக்கும் நாம் இதனை அநுபவத்தாற் சொல்கிறோம்: முன்கூட்டிச் சொல்லிச் சென்ற மாணவன் திரும்பி வந்ததும் பாடத்தைத் தேடிப் பிடித்துக்கொள்வான், சொல்லாமற் சென்றவன் கூசி ஒதுங்குவான்.

பாணமைக் கரையின் மணல்மேடுகளையும், சிங்கள மக்களும் தமிழ் மக்களும் ஒருங்கே வணங்கும் கதிர்காமத்தையும் கண்டு திரும்பும் பிள்ளைக்குப் புவியியலும் சமயமும் புத்தகத்தோடு நின்றுவிடா. பெற்றோரே, அம்மம்மாவின் நேர்த்தியும் நிறைவேறட்டும். பிள்ளையின் படிப்பும் முறியாதிருக்கட்டும். சித்திரையிலேயே நாட்காட்டியை விரித்து வைத்து, வீட்டார் அனைவரும் கூடிப் பேசினால் இரண்டும் கைகூடும்.