சுறாவுக்கும் விற்றமின் குளிசை!

பிள்ளை பெற்ற தாய்மாருக்குப் பால் சுரக்கட்டும் என்று சுறா வறை ஆக்கிக் கொடுப்பது நமது வீடுகளில் பழைய வழக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலோ அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில், ஈரலில் நிறைந்துள்ள விற்றமின் 'ஏ'க்காகவே சுறாக்களைப் பிடித்துக் குவித்தார்கள். மனிதனுக்குச் சத்துக் கொடுத்த அந்தச் சுறாவுக்கே விற்றமின் குளிசை கொடுக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே?

கடலில் திரியும் சுறாவுக்கல்ல. மீன் காட்சியகங்களின் கண்ணாடித் தொட்டிகளில் வாழும் சுறாவுக்கும் திருக்கைக்கும்தான்.

கடலில் அவை பலவகை இரையை உயிரோடு உண்கின்றன. தொட்டியில் கிடைப்பதோ பெரும்பாலும் உறைய வைத்த மீனும் கணவாயும் இறாலும். உறைந்த மீனில் விற்றமின் 'ஈ'யும் 'சி'யும் நாளாக ஆகக் குறைந்துவிடும். நமது சாளைக்கு உறவான ஹெரிங் போன்ற சில மீன்களில், விற்றமின் 'பி1'ஐ அழிக்கும் நொதியம் ஒன்றும் உண்டு. மீன் உறைந்து கிடந்தாலும் அதன் வேலை முற்றாக நிற்பதில்லை. தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பி வாழ்ந்தோரை ஒரு காலத்தில் வாட்டிய பெரிபெரி நோய்க்கும் இதே 'பி1' குறைபாடுதான் காரணம்.

இன்னுமொரு வியப்பு! தொட்டிச் சுறாவுக்குக் கழுத்துக் கழலை வருவதுண்டு. அயடின் கிடைக்காததே காரணம். கடல் மீனுக்கு அயடின் பஞ்சமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் அட்லாண்டா கடலில்லாத நகரம். அங்கு 2005இல் திறக்கப்பட்ட பெரிய காட்சியகத்தில் குழாய் நீரில் உப்புகளைக் கலந்தே கடல்நீர் தயாரிக்கிறார்கள். இத்தகைய தொட்டிகளில் அதே நீரைத்தான் சுத்திகரித்து மீண்டும் மீண்டும் பயன்படுத்துவார்கள். சுத்திகரிக்கச் சேர்க்கும் ஓசோன், அயடினை உடல் ஏற்காத வடிவத்துக்கு மாற்றிவிடும். கழிவிலிருந்து பெருகும் நைத்திரேற்று, எஞ்சிய அயடினையும் உடலில் சேரவிடாது. நீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். சுறாவின் கழுத்தோ வீங்கும்.

மணற்புலிச் சுறா என்ற இனத்தில் சிலவற்றுக்கு முதுகெலும்பு வளைந்துவிடுகிறது. அவற்றின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது நாகம், பொட்டாசியம், விற்றமின் 'சி', 'ஈ' ஆகியன குறைந்திருந்தன.

ஆகவே பராமரிப்பாளர்கள் குளிசையை மீனின் செவுளுக்குள்ளோ கணவாயின் உள்ளேயோ ஒளித்து வைத்து, நீண்ட கோலில் நீட்டுகிறார்கள். மருந்து கசக்கும் பிள்ளைக்கு வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்கும் நமது தந்திரம்தான்! எந்தச் சுறா உண்டது, எது உண்ணவில்லை என்று குறித்தும் வைக்கிறார்கள். அளவு உடல் எடையைப் பொறுத்தது. விற்றமின் 'ஏ'யும் 'டி'யும் மிஞ்சினால் உடலில் தேங்கி நஞ்சாகும். கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் நன்மை என்பது தவறான எண்ணம்.

குளிசை இரண்டாம் பட்சமே. புதிய, பலவகையான உணவுதான் முதன்மை. நமது பிள்ளைகளுக்கும் அப்படியே. இலங்கையில் உணவு உப்பில் அயடின் சேர்க்க வேண்டும் என்று 1995இல் சட்டம் வந்ததும் கழலையைத் தடுக்கத்தான். அந்த உப்பை மூடி வையுங்கள். கறி இறக்கும் நேரத்தில் சேருங்கள்.

அடைபட்ட உயிர் தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்ளாது. அதன் சுகம் ஊட்டும் கையில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கூட்டுக் கிளிக்கும் தொட்டி மீனுக்கும் அந்தக் கை உங்களுடையது அல்லவா?