விழுந்தே புகழ்பெற்ற வீரர்

1967 டிசம்பர் 31. லாஸ் வேகாஸ் நகரின் சீசர்ஸ் பேலஸ் ஓட்டல் வாசலில் உள்ள நீரூற்றை, டிரையம்ப் பைக்கில் ஒருவர் தாண்டினார். 141 அடி தூரம். எல்லாம் சரியாகத்தான் போனது, தரையைத் தொடும்வரை. இறங்குதளத்தின் விளிம்புக்கு முன்னாலேயே சக்கரம் மோத, ஹேண்டில்பார் கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டது. பொம்மைபோல உருண்ட அந்த உடலில் இடுப்பெலும்பும் தொடையெலும்பும் நொறுங்கின. அதைப் படம்பிடித்த காட்சி தொலைக்காட்சியில் வந்தபோது, மொன்டானா மாநிலத்துச் சுரங்க ஊரான பியூட்டில் பிறந்த ஈவல் கனீவல் அமெரிக்கா முழுவதும் தெரிந்த பெயரானார். விழாமல் இறங்கியிருந்தால் இவ்வளவு பேர் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஏறுதளத்தைவிட்டுக் கிளம்பிய நொடியிலேயே பைக் எங்கே விழும் என்பது ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. காற்றின் தடையை ஒதுக்கிவிட்டு, தளம் 20 டிகிரி சாய்வு என்று வைத்துக்கொண்டால், 141 அடி தாண்ட மணிக்குச் சுமார் 92 கிலோமீட்டர் வேகம் வேண்டும். வேகம் ஐந்து கிலோமீட்டர் குறைந்தால் தூரம் 15 அடி குறையும். ஓட்டுநர் அந்தரத்தில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: ஆக்சிலேட்டரை முறுக்கினால் பைக்கின் மூக்கு மேலே எழும்பும், பின் பிரேக்கை அழுத்தினால் தாழும். பாதை மட்டும் மாறாது.

அடி விழுவது இறக்கத்தில். மேற்சொன்ன கணக்குப்படி பைக் கீழ்நோக்கி வரும் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டர். அதாவது 4 மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பதற்குச் சமம். இறங்குதளமும் அதே சாய்வில் இருந்தால் பைக் அதன்மேல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், அதிர்ச்சி மிகக் குறைவு. சமதளத்தில் விழுந்தால் அத்தனை வேகமும் ஷாக் அப்சார்பர் அமுங்கும் தூரத்துக்குள் தீர்ந்தாக வேண்டும். அந்தத் தூரம் கூடினால் விசை குறையும்; கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது இதனால்தான். அன்றைய பைக்குகளில் ஷாக் அப்சார்பர் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் அமுங்கும். உடம்பின்மேல் எடையைப்போல் 40 மடங்கு விசை. இன்றைய மோட்டோகிராஸ் பைக்குகளில் 30 சென்டிமீட்டர் உண்டு. விசை மூன்றில் ஒரு பங்காகிவிடும். கனீவல் பிற்பாடு ஓட்டிய ஹார்லி டேவிட்சன் எக்ஸ்ஆர்-750, தட்டையான மண் தடத்தில் பந்தயம் ஓட்டச் செய்த வண்டி. எடை 130 கிலோவுக்கு மேல். பறப்பதற்கு அதைவிடப் பொருந்தாத வண்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

1975 மே மாதம் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 13 பேருந்துகளைத் தாண்ட முயன்று விழுந்து மறுபடியும் இடுப்பை உடைத்துக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் ஒஹாயோவில் 14 பேருந்துகளை விழாமல் தாண்டினார். அவருக்கு 433 எலும்பு முறிவுகள் என்று கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. உடம்பில் இருப்பதே 206 எலும்புதான். விளம்பரம் தெரிந்த மனிதரின் கணக்கைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். சிறுவர்களின் கையில் அவர் பொம்மை இருந்தது. 1977-இல் தன்னைப் பற்றிப் புத்தகம் எழுதியவரைப் பேஸ்பால் மட்டையால் அடித்துச் சிறை போனதோடு அந்த மவுசு சரிந்தது. 2007-இல், 69 வயதில், நுரையீரல் நோயால் இறந்தார்.

அவருடைய பெரிய தோல்வி 1974 செப்டம்பர் 8 அன்று, ஐடஹோ மாநிலத்தின் ஸ்னேக் ஆற்றுப் பள்ளத்தாக்கைத் தாண்ட முயன்றபோது நேர்ந்தது. ராக்கெட் பொறியாளர் ராபர்ட் ட்ருவாக்ஸ் கட்டிய ஸ்கைசைக்கிள் என்ற ராக்கெட், அழுத்தத்தில் சூடேற்றிய நீர் ஆவியாகிப் பீறிடும் வேகத்தில் கிளம்பியது. கிளம்பும்போதே பாராசூட் விரிந்துவிட, காற்று அதைப் பின்னுக்குத் தள்ளிப் பள்ளத்துக்குள் இறக்கியது. பலர் ஏமாற்று என்றார்கள். 2016 செப்டம்பரில், ட்ருவாக்ஸின் மகன் ஸ்காட் அதே வடிவமைப்பில் கட்டிய நீராவி ராக்கெட்டில், ஸ்டன்ட் கலைஞர் எடி பிரான் அந்தப் பள்ளத்தாக்கைக் கடந்துகாட்டினார். 1974-இல் காலைவாரியது ராக்கெட் அல்ல, பாராசூட்தான்.