பித்தப்பைப் படமும் அயோடின் மருந்தும்

நோயாளிக்குத் துணையாக வரும் முதியோர் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு: "எனக்கு அந்நாளில் முதல்நாள் இரவே மாத்திரை கொடுத்துப் படம் எடுத்தார்கள். இப்போது ஏன் கொடுப்பதில்லை?"

அவர்கள் நினைவு சரியே. சாதாரண எக்ஸ்ரே படத்தில் பித்தப்பை தெரியாது. பித்தப்பைக் கற்களும் பெரும்பாலும் தெரிவதில்லை. அயோடினோ எக்ஸ் கதிர்களை நன்கு தடுக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவர்ட்ஸ் கிரஹாம், வாரன் கோல் என்னும் அறுவை மருத்துவர்கள், பித்தநீரில் கலக்கும் சாயத்தைச் செலுத்திப் பித்தப்பையைப் படத்தில் காட்டிய செய்தியை 1924இல் வெளியிட்டனர். பிற்காலத்தில் அயோடின் கலந்த மாத்திரைகள் வந்தன. கொழுப்பற்ற இரவுணவுக்குப் பின் அவற்றை விழுங்க வேண்டும். குடல் உறிஞ்சிய மருந்தைக் கல்லீரல் பித்தநீரில் சேர்க்கும். பித்தப்பை அதைச் செறிவாக்கும். மறுநாள் படத்தில் பை வெண்மையாகவும், கற்கள் அதனுள் கரும்புள்ளிகளாகவும் தெரியும். இரவில் வாந்தியெடுத்திருந்தால் பை தெரியாது. நோயா, மருந்து சேராததா என்று அறிய மீண்டும் மாத்திரை, மீண்டும் ஓர் இரவுக் காத்திருப்பு!

1980களில் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை அந்த இடத்தைப் பிடித்தது. இதற்கு மருந்தும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. பட்டினி மட்டுமே தேவை. பாலில் உள்ள கொழுப்பு பித்தப்பையைச் சுருக்கிவிடும். சுருங்கிய பையில் கல்லைக் காண்பது கடினம். காலையில் காபி அருந்திவிட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். நீரிழிவு மருந்து எடுப்போர் அன்றைய மருந்தளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

அப்படியாயின் சிலருக்கு மட்டும் சி.டி. ஸ்கேனில் அயோடின் ஊசி எதற்கு? பித்தப்பையில் சீழ், துளை, கட்டி, கணைய அழற்சி போன்றவற்றை ஐயுறும்போது அது தேவைப்படும். இந்த மருந்து இரத்தத்தில் பரவிப் பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறுவது. எனவேதான் கிரியேட்டினின் அளவு பார்க்கிறோம். மெட்பார்மின் மாத்திரை உண்டா என்றும் கேட்கிறோம்.

முன்பு இதே ஊசியால் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்ததைச் சொன்னால் ஸ்கேன் நின்றுவிடும் என அஞ்சிச் சிலர் மறைக்கின்றனர். அதுவே ஆபத்து. சொன்னால் வேறு மருந்தையோ வேறு பரிசோதனையையோ தேர்ந்தெடுக்க இயலும். மீன், இறால் ஒவ்வாமையைப் பற்றி வீண் அச்சம் வேண்டா. அதற்குக் காரணம் அவற்றிலுள்ள புரதம், அயோடின் அன்று.

ஊசி ஏறும்போது உடல் சூடாகும். வாயில் உலோகச் சுவை தோன்றும். இவை இயல்பே. அரிப்போ தொண்டை இறுக்கமோ தோன்றினால் மேசையில் படுத்தபடியே உடனே குரல் கொடுங்கள். பழைய ஸ்கேன் அறிக்கையில் மருந்தின் பெயர் இருக்குமாயின் அதையும் உடன் கொண்டு வாருங்கள்.