மெர்சி ஷிப்ஸ் மருத்துவக் கப்பல்கள்

மெர்சி ஷிப்ஸ் என்பது ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் மருத்துவமனைக் கப்பல்களை நிறுத்தி, ஏழை மக்களுக்கு இலவசமாக அறுவைச் சிகிச்சை அளித்துவரும் கிறித்தவத் தொண்டு அமைப்பு ஆகும். 1978ஆம் ஆண்டில் டான் ஸ்டீவன்ஸ், டெயான் ஸ்டீவன்ஸ் தம்பதியர் இதனைச் சுவிட்சர்லாந்தில் தொடங்கினர். நோயாளிகள் எச்சமயத்தவராயினும் சிகிச்சை அளிக்கப்படுகின்றது. கப்பலில் பணியாற்றுவோரில் பெரும்பாலோர் பல நாடுகளிலிருந்து வரும் ஊதியமற்ற தன்னார்வலர்கள்.

கப்பல்கள்

முதற்கப்பலான 'அனஸ்தாசிஸ்' முன்னர் 'விக்டோரியா' என்னும் இத்தாலியப் பயணிகள் கப்பலாக இருந்தது. அனஸ்தாசிஸ் என்பது உயிர்த்தெழுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். ஒரு காலத்தில் மும்பைக்குப் பயணிகளை ஏற்றிவந்த இக்கப்பல், 2007இல் ஓய்வுபெற்று, குசராத்தின் அலங் கடற்கரையில் உடைக்கப்பட்டது. அதனிடத்தில் வந்த 'ஆப்பிரிக்கா மெர்சி' முன்னர் டென்மார்க்கில் தொடர்வண்டிகளை ஏற்றிச்சென்ற படகு. 'குளோபல் மெர்சி' தொடக்கத்திலிருந்தே மருத்துவமனையாக வடிவமைக்கப்பட்டுச் சீனாவில் கட்டப்பட்டது, 2021இல் கையளிக்கப்பட்டது. இதில் ஆறு அறுவை அரங்குகள் உள்ளன.

தன்னார்வலர்கள்

ஊதியம் பெறாததோடு, பயணச் செலவையும் கப்பலில் தங்கும் செலவையும் தாமே ஏற்பது இங்கு நெடுநாள் வழக்கமாக இருந்துள்ளது. பலர் தத்தம் திருச்சபையினரிடமும் நண்பர்களிடமும் நிதி திரட்டி வருகின்றனர். மருத்துவர், செவிலியர் மட்டுமன்றி மாலுமிகள், மின்பணியாளர், சமையலர், ஆசிரியர் ஆகியோரும் தேவைப்படுகின்றனர். நெடுங்காலம் தங்குவோரின் பிள்ளைகளுக்குக் கப்பலிலேயே பள்ளி உண்டு. நோயாளிக்கு இரத்தம் தேவைப்படும்போது ஊழியர்களே கொடையளிக்கின்றனர். அவ்வகையில் சமையற்கூடத்தில் இருப்பவரும் அறுவை அரங்கிற்கு உதவுபவரே.

சில வாரங்களுக்கு வருவோரும் உளர், ஆண்டுக்கணக்கில் தங்குவோரும் உளர். முக அறுவை மருத்துவரான கேரி பார்க்கர் 1987இல் குறுகிய காலம் பணியாற்றும் எண்ணத்துடன் சேர்ந்து, பல பத்தாண்டுகள் கப்பலிலேயே வாழ்ந்தார்.

சிகிச்சையும் தெரிவும்

கண்புரை, உதட்டுப் பிளவு, தீக்காயத்தால் இறுகிய மூட்டுகள், மகப்பேற்றின்போது ஏற்படும் சிறுநீர்ப்பைப் புரை ஆகியன இங்கு மிகுதியாகச் சிகிச்சை பெறுபவை. தாடைக் கட்டிகளைத் தனித்துக் குறிப்பிடவேண்டும். அமெலோபிளாஸ்டோமா எனப்படும் கட்டி பெரும்பாலும் புற்றுநோயன்று, மெதுவாகவே வளரும். பல் மருத்துவரும் ஊடுகதிர்க் கருவியும் உள்ள ஊரில் சிறிதாக இருக்கும்போதே கண்டறியப்பட்டு அகற்றப்படும். அவ்வசதி இல்லாத இடத்தில் ஆண்டுகள் பல வளர்ந்து, உணவையும் மூச்சையும் தடுக்கும் அளவுக்குப் பெருக்கும். அதற்கு முன்பே முகம் சிதைந்தவர் ஊராரிடமிருந்து விலகி வாழ நேர்கின்றது.

கப்பல் ஒரு நாட்டில் சில மாதங்களே நிற்பதால், ஓர் அறுவையாலோ சிலவற்றாலோ குணமாகக்கூடியவரே பெரிதும் ஏற்கப்படுகின்றனர். நீண்ட மருந்துச் சிகிச்சையும் தொடர்கண்காணிப்பும் வேண்டும் புற்றுநோயாளிகள் பலருக்கு இடமில்லை. தொலைவிலிருந்து நடந்தும் வண்டியேறியும் வந்து வரிசையில் நின்றவரிடம் "இயலாது" எனச் சொல்லும் பொறுப்பும் தன்னார்வலரைச் சார்ந்தது. அறுவையைவிட இதுவே கடினமான பணி எனலாம். குணப்படுத்த இயலாத சிலரது வீடுகளுக்குச் சென்று வலிதணிப்புப் பராமரிப்பு அளித்ததும் உண்டு.

கப்பல் சென்றபின்

வெளிநாட்டு மருத்துவப் பணிகள் மீது பொதுவாக வைக்கப்படும் திறனாய்வு, வந்தவர் சென்றபின் என்ன எஞ்சும் என்பதாகும். இவ்வினா இக்கப்பல்களுக்கும் பொருந்தும். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது ஆப்பிரிக்கா மெர்சி அப்பகுதிக்குச் செல்லாது மடகாஸ்கருக்குத் திருப்பப்பட்டது. 2020 மார்ச்சில் கொரோனா பரவலால் செனெகலின் டக்கார் துறைமுகத்திலிருந்து பணியை முடிக்காமலே புறப்பட்டது. நெருக்கமாக மக்கள் வாழும் கப்பலில் தொற்றுநோயைக் கட்டுப்படுத்துவது அரிது என்பதால் இம்முடிவுகளில் நியாயமுண்டு. ஆயினும் மருத்துவத் தேவை மிகுந்த வேளையில் கப்பல் அங்கு இல்லை என்பதும் உண்மையே.

இதனால் உள்நாட்டு மருத்துவர், செவிலியர், மயக்கமருந்துப் பணியாளர் ஆகியோருக்கான பயிற்சி முதன்மை பெற்றது. மடகாஸ்கரில் உலக சுகாதார அமைப்பின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலைப் பயன்படுத்த மருத்துவமனைகளுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. நோயாளியின் பெயர், செய்யவேண்டிய அறுவை, அதன் இடம் ஆகியவற்றைக் கத்தி வைக்குமுன் உரக்க உறுதிசெய்வதும், முடிவில் கருவிகளையும் பஞ்சுத் துணிகளையும் எண்ணுவதும் இதன் பகுதிகள். இதற்குக் கப்பலும் வேண்டியதில்லை, விலையுயர்ந்த கருவியும் வேண்டியதில்லை.