ஆகஸ்டு ஒன்றாம் தேதிக்குப் பிறகு வரும் பிள்ளைகள்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாளில் மாவட்டப் பட்டியலின் உச்சியிலோ, ஓரிரு இடம் கீழேயோ திருப்பூரின் பெயர் இருப்பது வழக்கமாகிவிட்டது. 2019இல் 95.37 சதவீதம், 2020இல் 97.12, 2024இல் 97.45 என்று மூன்று முறை மாநிலத்திலேயே முதலிடம். 2023இல் விருதுநகருக்கு அடுத்த இடம். 2025இல் அரியலூர், ஈரோட்டுக்குப் பின் மூன்றாமிடம். 2019இல் பத்தாம் வகுப்பிலும் 98.53 சதவீதத்தோடு முதலிடம். 2009இல்தான் கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பிரிந்து தனி மாவட்டமான ஊர் இது. பனியனுக்குப் பேர்போன ஊர் படிப்பிலும் பேர் எடுத்ததில் ஊர்க்காரர்கள் பெருமைப்படுவது நியாயம்தான். ஆனால் தேர்ச்சி சதவீதம் என்பது தேர்வு அறைக்கு வந்து உட்கார்ந்தவர்களின் கணக்கு. பிழைப்புக்காக வந்து சேர்ந்துகொண்டே இருக்கும் மக்களால் ஆன ஒரு தொழில் நகரத்தில், பள்ளிக்கூடங்கள் நன்றாக நடக்கின்றனவா என்பதை அந்த அறைக்கு வராதவர்களையும் சேர்த்துத்தான் அளக்க முடியும். இங்கே நிர்வாகம் முழுவதும் முதல் கணக்குக்காகத் தயாராகி நிற்கிறது. இரண்டாவது கணக்கு யாருடைய பொறுப்பு என்று கேட்டால், நாலைந்து அலுவலகங்கள் ஒன்றையொன்று கைகாட்டும்.

அமெரிக்காவின் புறநகர்களில் பள்ளி மாவட்டம் என்பது தனி அமைப்பு. அதற்கென்று தேர்தலில் வென்ற குழு உண்டு, சொத்து வரியிலிருந்து வருமானம் உண்டு, தலைமை அதிகாரியை அமர்த்தவும் நீக்கவும் அதிகாரம் உண்டு. பணக்காரப் புறநகரில் பணக்காரப் பள்ளி, ஏழைப் பகுதியில் ஏழைப் பள்ளி என்ற கேடும் அதே ஏற்பாட்டிலிருந்துதான் வருகிறது. ஆனால் பள்ளி சரியில்லை என்றால் யாரைப் போய்க் கேட்பது என்பதில் அங்கே குழப்பம் இல்லை. திருப்பூரில் வீட்டு வரி கட்டுபவரும் அதற்குள் கல்விக்கென ஒரு பங்கு சேர்த்தே கட்டுகிறார். மாநகராட்சிப் பள்ளியின் கட்டடம், தண்ணீர், கழிப்பறை மாநகராட்சியைச் சேர்ந்தவை. ஆசிரியரை நியமிப்பதும் மாற்றுவதும் பள்ளிக் கல்வித் துறை. சத்துணவு சமூக நலத் துறை. சிறப்புப் பயிற்சிக்கான பணம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்து வர வேண்டும். ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்று பலகையில் எழுதியிருந்தாலும், அந்த ஒன்றியக் குழுவால் ஓர் ஆசிரியரைக்கூட இடம் மாற்ற முடியாது. மேலே முதன்மைக் கல்வி அலுவலர், கீழே மாவட்டக் கல்வி அலுவலர், அதற்கும் கீழே வட்டாரக் கல்வி அலுவலர். 2018இல் எல்லாப் பள்ளிகளையும் முதன்மைக் கல்வி அலுவலரின் குடைக்குள் கொண்டுவந்தார்கள். 2022இல் தொடக்கக் கல்விக்கும் தனியார் பள்ளிகளுக்கும் தனித்தனி மாவட்டக் கல்வி அலுவலர் என்று மறுபடி பிரித்தார்கள். இரண்டு ஏற்பாட்டுக்கும் காரணம் சொல்லலாம். இரண்டிலுமே, பள்ளியை விட்டுப் போன பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இன்னார் என்று தீர்மானமாகவில்லை.

தேர்ச்சிக்கோ அந்தக் குழப்பமே கிடையாது. காலாண்டு, அரையாண்டு முடிந்ததும் தலைமை ஆசிரியர்களை வரவழைத்து, பாடவாரியாகச் சதவீதத்தை வாசித்து ஆய்வுக் கூட்டம் நடக்கும். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு, குறைந்தபட்சம் தேர்ச்சி பெறத் தேவையான கேள்விகளை மட்டும் திரட்டிய கையேடு, தினமும் சிறு தேர்வு. இந்த உழைப்பை ஏளனம் செய்வதற்கில்லை. வீட்டில் எழுத்து வாசனையே இல்லாத பிள்ளை சான்றிதழோடு வெளியே போக இதுதான் வழி விட்டிருக்கிறது. ஆனால் எதைக் கேட்டு அதிகாரி சத்தம் போடுகிறாரோ அதுதான் பள்ளியில் நடக்கும். (மாணவர்களுக்கு மாநில ரேங்க் அறிவிப்பது நல்லதல்ல என்று 2017இல் அதை நிறுத்திய அரசு, மாவட்டங்களை வரிசைப்படுத்துவதை மட்டும் இன்னும் விடவில்லை.)

வராதவர்கள் எத்தனை பேர் என்பது ஒரு முறை மாநிலம் முழுவதற்கும் பட்டவர்த்தனமானது. 2023 மார்ச் 13 அன்று நடந்த பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு 50,000 பேருக்கு மேல் வரவில்லை. கொரோனா ஆண்டில் தேர்வில்லாமல் தேர்ச்சி பெற்று, பதினோராம் வகுப்பிலேயே நின்றுவிட்ட பலர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தார்கள் என்று பிறகு விளக்கம் வந்தது. அந்த ஆண்டின் தேர்ச்சி சதவீதத்தை அது ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை; எழுதாதவர் கணக்கிலேயே இல்லை. அடுத்த ஆண்டு, 2024இல், மாநில அளவில் மாணவியர் 96.44 சதவீதமும் மாணவர் 92.37 சதவீதமும் தேறினார்கள். எழுதியவர்களுக்குள்ளேயே இவ்வளவு இடைவெளி என்றால், எழுத வராத பையன்களைச் சேர்த்தால் அது எவ்வளவு அகலும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

பையன்களைப் பள்ளி என்ன செய்ய முடியும், ஊரே வேலைக்கு இழுக்கிறதே என்பார்கள். உண்மைதான். 2024-25இல் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இது. கைமடிக்க வரும் பையனுக்குச் சான்றிதழ் தேவையில்லை; சில மாதம் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றால் ஓவர்லாக் பழகிக்கொள்ளலாம், பிறகு பேட்லாக், பீஸ் ரேட், சொந்தமாக ஒரு பவர் டேபிள். படிக்காமலே முதலாளி ஆனவர்களின் கதை இந்த ஊரில் தெருவுக்கு ஒன்று உண்டு. அவற்றில் பல உண்மையும்கூட. சட்டமும் 14 வயதோடு ஒதுங்கிக்கொள்கிறது. கட்டாயக் கல்வி அதுவரைதான்; 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 முதல் 18 வரை அபாயமான வேலைகளை மட்டுமே தடுக்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் கல்லூரிக்குப் போனால்தான் கிடைக்கும். இடைநிற்றலைத் தடுக்கவென்றே பத்து முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை சேர்த்து வைத்துத் தரும் ஊக்கத்தொகை மொத்தம் 5,000 ரூபாய். கம்பெனியில் சில சனிக்கிழமைச் சம்பளத்தில் அதைப் பார்த்துவிடலாம். ஆக, இழுப்பு பள்ளிக்கு வெளியே இருக்கிறது என்பது சரி. ஆனால் காலை உணவுத் திட்டத்தைப் பாருங்கள். ஷிப்டுக்காக எட்டு மணிக்கே கிளம்ப வேண்டிய தாயின் சிக்கலும் பள்ளிக்கு வெளியே உள்ளதுதான். 2022இல் தொடங்கி 2023இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போன அந்தத் திட்டம் அதைப் பள்ளிக்குள்ளேயே தீர்த்தது. பள்ளி முடிவது மாலை நாலு மணிச் சுமாருக்கு. ஒன்றரை ஷிப்ட் விடுவது இரவு எட்டரைக்கு. இடையிலுள்ள நாலரை மணி நேரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் எங்கே இருக்கிறான் என்பதை இன்னும் எந்தத் திட்டமும் கேட்கவில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை கீழ் வகுப்புகளில். ஆண்டுதோறும் ஆகஸ்டு 1ஆம் தேதி நிலவரப்படி உள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டுதான் ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று நிர்ணயிக்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருவர், 61 முதல் 90 வரை மூவர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு. ஆகஸ்டில் 58 பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. தீபாவளி முடிந்து ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் குடும்பங்கள் வந்து இறங்குகின்றன. தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வருகின்றன. லைன் வீடுகள் நிறைகின்றன. பள்ளியில் 75 பேர் ஆகிவிட்டாலும் ஆசிரியர் அதே இரண்டு பேர்தான், அடுத்த ஆகஸ்டு வரைக்கும். அதற்குள் ஆர்டர் குறைந்து பாதிக் குடும்பங்கள் வேறு ஊருக்குப் போயிருக்கும், அந்தப் பிள்ளைகள் எந்த ஆகஸ்டிலும் எண்ணப்படாமலே போவார்கள். இதே மாவட்டத்தில் மூலனூர், குண்டடம் பக்கம் மாணவர் குறைந்துவரும் கிராமப் பள்ளிகளுக்கும் நகரத்தை ஒட்டிய பள்ளிகளுக்கும் அதே தேதி, அதே விதி. நிலையான ஊருக்கு வகுத்த விதியை, நிலையாமையையே தொழிலாகக் கொண்ட ஊருக்கும் போட்டிருக்கிறார்கள்.

வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு நம் வரிப்பணத்தில் ஆசிரியர் எதற்கு, அவர்கள் மாநிலம் பார்த்துக்கொள்ளட்டும் என்ற குரலும் உண்டு. அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன் உழைப்பில்தான் ஏற்றுமதித் தொகை இந்த ஊருக்குள் வருகிறது என்பது ஒரு பதில். சட்டத்தின் பதில் இன்னும் நேரானது. கல்வி உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதை உள்ளாட்சி அமைப்பின் கடமை என்றே சொல்கிறது. தன் எல்லைக்குள் வசிக்கும் 14 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பதிவேடு வைத்திருப்பதும் அதே பிரிவில் உள்ள கடமை. மொழியைக் காரணம் காட்டுவதும் முழுதாகச் சரியில்லை. ஆறு வயதில் வரும் பிள்ளை ஓராண்டில் தமிழ் பேசிவிடும். தடுமாறுவது பத்து, பதினொரு வயதில் வந்து, வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைக்கப்படும் பிள்ளை. அதற்குத்தான் சிறப்புப் பயிற்சி மையங்கள். அவற்றுக்குப் பணம் தரும் திட்டத்தில் 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை, பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை என்று ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். அந்தப் பணம் நிற்கும்போது, தனக்கென்று கேட்க ஆளில்லாத பிள்ளைகளின் செலவுதான் முதலில் வெட்டப்படும்.

தொழிலதிபர்கள் கொடுக்கிறார்களே என்றும் சொல்லலாம். கொடுக்கிறார்கள். பொதுமக்கள் ஒரு பங்கு போட, மீதியை அரசு தரும் நமக்கு நாமே திட்டத்துக்கு இந்த வட்டாரத்தில் எப்போதும் வரவேற்பு உண்டு. நூற்றுக்கணக்கில் அல்ல, ஆயிரக்கணக்கில் பெண்கள் படிக்கும் ஜெய்வாபாய் பள்ளியைப் போல ஊரே தன்னுடையது என்று கொண்டாடும் மாநகராட்சிப் பள்ளிகளும் இங்கே இருக்கின்றன. ஆனால் நன்கொடையால் வகுப்பறை கட்டலாம், பெயர்ப் பலகை வைக்கலாம். ஜனவரியில் வந்த பிள்ளைக்கு ஜனவரியில் ஓர் ஆசிரியரை அதனால் தர முடியாது. அது அரசாணையால்தான் ஆகும்: பின்னலாடை வட்டாரத்தில், திருப்பூர், அவிநாசி, பல்லடம் ஒன்றியங்களிலாவது, ஆகஸ்டோடு ஜனவரியிலும் ஒரு முறை எண்ணி, தற்காலிகமாகவேனும் ஆள் போடுவது.

தேர்ச்சிப் பட்டியலோடு இன்னொரு எண்ணையும் வெளியிட வேண்டும்: நான்கு ஆண்டுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பிளஸ் டூ முடித்தார்கள்? இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். போகிற வருகிற மக்கள்தொகையில் ஊரைவிட்டுப் போன பிள்ளையெல்லாம் படிப்பை விட்ட பிள்ளை ஆகாது. அப்படி எண்ணினால் திருப்பூருக்குத்தான் அநியாயம். காகிதப் பதிவேட்டுக் காலத்தில் இந்த மறுப்புக்குப் பதில் இருந்திருக்காது. இப்போது ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளிக் கல்வித் துறையின் கணினித் தொகுப்பான எமிஸில் ஓர் எண் இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வாங்கியவுடன் அந்தப் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போகும். வேறொரு பள்ளி சேர்த்துக்கொள்ளும்வரை அங்கேயே கிடக்கும். ஆறு மாதமாக அந்தத் தொகுப்பிலேயே கிடக்கும் பெயர்தான் தேட வேண்டிய பிள்ளை. தமிழ்நாட்டைத் தாண்டிப் போனவர்களை அதில் பிடிக்க முடியாதுதான். தேனியிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் நிற்கும் பையனைப் பிடிக்கலாம். அந்தப் பட்டியலைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் கையில் கொடுத்தால், தலைவராக இருக்கும் தாய்மார்களுக்கு அந்தப் பையன் எந்தக் கம்பெனியில் இருக்கிறான் என்பதுகூடத் தெரிந்திருக்கும்.

எமிஸ் எண்ணே வாங்காத பிள்ளைகளுக்கு இதுவும் உதவாது. அங்கேதான் மாநகராட்சி வர வேண்டும். 60 வார்டிலும் எந்தத் தெருவில் எத்தனை லைன் வீடு, யார் பேரில் எவ்வளவு வரி என்பது அதன் கணக்கில் இருக்கிறது. வரி நிலுவையைக் கேட்கப் போகும் பணியாளரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, உள்ளே எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எந்தப் பள்ளி என்று எழுதிவரச் சொல்ல, புதிய சட்டமோ புதிய அலுவலகமோ தேவையில்லை. 9ஆம் பிரிவு கேட்கும் பதிவேடு அதுவே.