ஐயாயிரம் ரூபாய்க் கடை

கண்டி நகரிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தின் முன்னே, 1960களின் பிற்பகுதி தொடங்கிப் பல ஆண்டுகள் தோட்டத் தமிழ் மக்கள் கால்கடுக்க நின்றனர். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை முதலிய மலைச்சரிவுகளிலிருந்து இறங்கிவந்த அவர்களுக்கு அங்கே கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் வழங்கப்பெற்றன. இந்தியாவில் அக்குடும்பம் எத்தொழிலால் வாழும் என்பதும் அட்டையிலேயே குறிக்கப்பட்டது. மிகப் பலருடைய அட்டையில் இருந்த சொல் ‘வியாபாரக் கடன்’ என்பது. தாம் வாழப்போகும் ஊரைக் கண்ணாற் காணாத நிலையிலேயே அவர்கள் வியாபாரிகளாயினர்.

இந்நிலை எவ்வாறு நேர்ந்தது? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அம்மக்களின் பிரதிநிதிகளுக்கு இப்பேச்சில் இடமிருக்கவில்லை. பின்னர் 1973–74இல் தோட்டங்களில் ஏற்பட்ட உணவுப் பஞ்சமும், காணிச் சீர்திருத்தத்தின்போது கண்டிப் பகுதியில் வேலையும் இருப்பிடமும் இழந்த துயரமும், தயங்கி நின்றோர் பலரையும் கப்பலேறச் செய்தன. தலைமன்னாருக்கு அவர்களைச் சுமந்துசென்ற புகைவண்டிக்கு மலையகத்தார் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. ஆவணங்களோ அவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்றன. அவர்களுள் பெரும்பாலோர் இலங்கையிலேயே பிறந்தவர்கள்.

கடனாக வகுக்கப்பட்ட தொகை ஐயாயிரம் ரூபாய். அக்காலத்தில் ஒரு சிறு பெட்டிக்கடை வைக்க அது போதாத தொகையன்று. எனினும் பல கடைகள் விரைவிலேயே மூடப்பட்டன. சோம்பலும் ஊதாரித்தனமுமே காரணம் என்று சிலர் எளிதாகக் கூறிவிட்டனர். அக்கூற்று பொருந்தாது. காரணத்தை அறியத் தோட்டத்தின் வாழ்வு முறையைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

தெல்தோட்டையை அடுத்த லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நாள் முதல், தோட்டம் ஒரு தனி உலகமாகவே இயங்கிற்று. விடியலில் பிரட்டுக்களத்தில் கூடி, அன்றைய வேலைக்குப் ‘பேர்’ பெறுதல். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அரிசியும் மாவும் தோட்டத்திலேயே வழங்கப்பட்டு, அவற்றின் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது. கணக்கு எழுதியவர் கணக்கப்பிள்ளை, கழித்தவர் துரை. கொள்முதல் விலை, நட்டம், வாடிக்கையாளருக்கு எத்துணை கடன் கொடுக்கலாம் என்னும் அளவு ஆகிய இவற்றைத் தலைமுறை தலைமுறையாக ஒருவரும் கற்க வாய்ப்பிருக்கவில்லை. உழைப்பில் அவர்களுக்குக் குறைவில்லை. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அமர்ந்த பழக்கமே இல்லை.

இதற்கு மாறான சான்று சென்னையிலேயே உண்டு. பர்மாவில் 1960களில் வணிகம் அரசுடைமையானபின் அங்கிருந்து வந்த தமிழருள் கடை நடத்திப் பழகியோர் பலர். கடற்கரை இரயில் நிலையத்தருகே அவர்கள் கண்ட பர்மா பஜார் விரைவில் பெயர்பெற்றது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தோர்க்கென 1969இல் ரெப்கோ வங்கி தோன்றியது. ஆனால் இரு கூட்டத்தாரும் கைக்கொண்டு வந்த அனுபவம் ஒன்றன்று.

தோட்ட வேலை அறிந்தவருக்குத் தோட்ட வேலையே தருதல் பொருத்தமென்று கருதி, 1968இல் நீலகிரியில் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் ‘டான்டீ’ நிறுவனமாக வளர்ந்தது. கன்னடத்தின் சுள்ளியா, புத்தூர் பகுதிகளிலும் கேரளத்தின் புனலூரிலும் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அங்கே இடம் பெற்றோருக்குக் கூரையும் கூலியும் கிடைத்தன. வந்தோர் அனைவருக்கும் இடமளிக்க அவை போதவில்லை.

கலஹாவிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். (முன்னோரை இலங்கைக்கு அனுப்புமுன் தங்கவைத்த முகாமும் அம்மண்டபத்திலேதான் இருந்தது என்பது வரலாற்றின் விந்தை.) உறவினர் ஊரில் கடை வைக்கிறார்கள். ‘சிலோன்காரர்’ என்று ஊரார் ஒதுக்குகிறார்கள்; ஆயினும் கடனுக்குப் பொருள் வாங்கத் தயங்குவதில்லை. மறுக்கத் தெரியாத தகப்பன் கொடுத்துக்கொண்டேயிருக்கிறான். ஆறு திங்களில் தட்டுகள் வெறுமையாகின்றன. முதல் போயிற்று, அரசுக் கடன் மட்டும் பெயரில் நிற்கிறது. கோத்தகிரிப் பக்கம் கொழுந்துக்கு ஆள் வேண்டுமென்ற செய்தி கேட்டு மீண்டும் மூட்டை கட்டுகிறார்கள்.

அங்கே தாய் கொழுந்துக்குப் போகுமுன் இருட்டோடு எழுந்து, தோட்டத்து மாவில் பழகிய கையால் தேங்காய் ரொட்டி தட்டி, அம்மியில் சம்பல் அரைத்து, சாலையோரத்தில் சாக்கை விரித்து வைக்கிறாள். அவ்வழியே வேலைக்குச் செல்வோர் வாங்குகின்றனர். கைப்பணம் கொடுத்தவருக்கே ரொட்டி. அன்றைய மாவுக்கும் தேங்காய்க்கும் உரிய காசைச் சேலைமுனையில் தனியே முடிந்துகொண்ட பின்னரே மீதியைச் செலவுக்கு எடுக்கிறாள். அவளுடைய குடும்ப அட்டையில் இத்தொழிலின் பெயர் இல்லை.