இரவு நகரங்கள் – 9: மூலை வெட்டிய தெருக்களின் பார்சலோனா

வானத்திலிருந்து எடுத்த பார்சலோனாவின் படத்தில், ஒரே அளவிலான எண்கோணக் கட்டங்கள் வரிசை வரிசையாக விரிந்து கிடக்கும். எஷாம்ப்ல என்ற அந்தப் பகுதியைப் புரிந்துகொண்டால், இந்த நகரத்தின் கலையும் இரவும் தானாகவே விளங்கிவிடும்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பார்சலோனா, கோட்டைச் சுவருக்குள் மூச்சுமுட்டிக் கிடந்தது. நெரிசலும் காலராவும் மக்களை வாட்டின. 1854-இல் சுவரை இடிக்கத் தொடங்கினார்கள். வெளியே நகரை விரிக்க இல்டெஃபோன்ஸ் செர்தா என்ற பொறியாளர் வரைந்த திட்டத்துக்கு 1859-இல் அரசு ஒப்புதல் தந்தது. தெரு 20 மீட்டர் அகலம். ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக்குச் சுமார் 113 மீட்டர். ஏழை, பணக்காரர் எல்லார் வீட்டுக்கும் வெயிலும் காற்றும் வந்தாக வேண்டும் என்பது அவருடைய கணக்கு. கட்டங்களின் நடுவே அவர் விடச் சொன்ன தோட்டங்களில் பெரும்பாலானவற்றைக் கட்டடங்கள் விழுங்கிவிட்டன. கட்டங்களின் வெட்டிவிட்ட மூலைகள் மட்டும் தப்பின. அதனால் நான்கு தெருமுனைகள் கூடும் இடமெல்லாம் ஒரு சிறு சதுக்கமாகிவிட்டது.

கட்டடக் கலைஞர் கௌடியின் காசா மிலா என்ற வீடு நிற்பதும் அப்படியொரு வெட்டுமுனையில்தான். 1906-இல் தொடங்கிய வேலை 1912-இல் முடிந்தது. கூர்மூலை இல்லாததால் கல்முகப்பு எங்கும் உடையாமல், அலையாகவே ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்குத் திரும்புகிறது. செர்தா போட்ட கோட்டில் கௌடி பாடியிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த வீடு நிற்கும் பசேச் தெ கிராசியா சாலையில் இன்னும் சற்றுக் கீழே, ஒரே வரிசையில் மூன்று கட்டடக் கலை மேதைகள் வடிவமைத்த வீடுகள்: தொமேனெக் இ மொந்தானேர், பூச் இ கதஃபால்க், கௌடி. செல்வர்கள் போட்டி போட்டுக்கொண்டு மாற்றிக் கட்டவைத்தவை. அனுமதிக்கும் வீடுகளுக்குள் போகக் கட்டணம் உண்டு. முகப்பின் அழகோ தெருவில் போகிற எவருக்கும் சொந்தம்.

தொமேனெக்கின் பலாவ் தெ லா மூசிகா அரங்கம் 1908-இல் திறக்கப்பட்டது. ஒர்ஃபெயோ கத்தலா என்ற பாடகர் குழுவுக்காக எழுந்த கட்டடம் இது. மேற்கூரையிலிருந்து வண்ணக் கண்ணாடிக் குவிமாடம் ஒன்று கீழ்நோக்கித் தொங்கும்; சுவரும் பெரும்பாலும் கண்ணாடியே. பகலில் விளக்கில்லாமலே அரங்கம் ஒளிரும். சுற்றிப் பார்க்க மட்டும் சீட்டு வாங்காதீர்கள். ஒரு கச்சேரிக்கு வாங்குங்கள். பாட்டுக்காகக் கட்டிய இடத்தைப் பாட்டோடுதான் பார்க்க வேண்டும். லா ராம்ப்லா நடைபாதையில் 1976-இல் பதித்த, ஓவியர் மிரோவின் வட்ட ஓவியத்தை ஆயிரக்கணக்கானோர் தினமும் மிதித்துக்கொண்டு போகிறார்கள். கயிறு கட்டிக் காக்காத கலை அது; கால் படத்தான் அங்கே இருக்கிறது.

இரவும் இங்கே அப்படித்தான், தெருவில் நடக்கிறது. ஒன்பது மணிக்கு முன்னால் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருபவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். கிராசியா பகுதியின் சதுக்கங்களில் பத்து மணிக்கும் குழந்தைகள் பந்து விளையாடுவார்கள். பெரியவர்கள் பக்கத்து மேசையில் தக்காளி தேய்த்த ரொட்டியோடு பேசிக்கொண்டிருப்பார்கள். நடன அரங்குகள் சூடுபிடிக்க நள்ளிரவு தாண்ட வேண்டும். பழைய ஆலைப் பகுதியான போப்ளனோவில் விடியும்வரை இசை கேட்கும். சனிக்கிழமை இரவு மெட்ரோ ரயில் விடியவிடிய ஓடும்.

ஆனால் அந்தச் சதுக்கங்களைச் சுற்றி வீடுகள் இருக்கின்றன. வாடகை ஏறி, பிறந்த தெருவை விட்டே வெளியேறும் குடும்பங்கள் ஏராளம். 2024 ஜூலையில் சுற்றுலா நெரிசலுக்கு எதிராக மக்கள் ஊர்வலம் போனார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் அடுக்ககங்களின் உரிமங்களை 2028-க்குள் முடித்துவிடப்போவதாக மாநகராட்சியும் அறிவித்தது. மக்களுடைய கோபம் நியாயமானது. குடியிருப்பவர்கள் போய்விட்டால் சதுக்கத்தில் விளையாடக் குழந்தைகள் ஏது?

ஆகவே போகிறவர்கள் விடுதியில் தங்குங்கள். நள்ளிரவுக்கு மேல் குடியிருப்புத் தெருக்களில் குரலைத் தாழ்த்துங்கள். கௌடியின் சக்ராதா ஃபமிலியா தேவாலயத்துக்கு ஒரு காலைப்பொழுது கொடுங்கள். மாலைகளை எஷாம்ப்லவின் தெருமுனைகளுக்கும் கிராசியாவின் சதுக்கங்களுக்கும் கொடுங்கள். வாழ்கிறவர்களுக்காகக் கட்டிய நகரம் இது. அவர்கள் வாழும் வரைதான் நமக்கும் அங்கே பார்க்க ஏதாவது இருக்கும்.

அடுத்த வாரம்: லிஸ்பன்